பௌர்ணமிப் பட்டினி

கரண்டு அண்ணன் என்று எல்லோரும் கூப்பிட்ட மனிதர் தம் வாழ்நாளில் ஒரு மின்கம்பத்தில்கூட ஏறியதில்லை. வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு வருகிற வேலை அவருடையது. அதிலும் நாய் கட்டிய வீடு என்றால் வாசலிலேயே நின்று உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டுக்கு வந்து, முன்னறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முதலைக்கும் மின்சாரத்துக்கும் நிலாவுக்கும் உள்ள தொடர்பை விளக்க ஆரம்பித்தார். அதைக் கேட்கவும் ஆள் கிடைத்ததுதான் கொடுமை.

தம்பி பெண்டாட்டிக்கு முதலைப் பண்ணையில் கறி வெட்டுகிற வேலை. காலையில் குளிர்வண்டி வந்து இறக்கிவிட்டுப் போகும் கோழித் தலை, கோழிக் கால், குடல், விலைபோகாத மீன், எப்போதாவது ஒரு மாட்டு நுரையீரல் எல்லாவற்றையும் தகரக் கொட்டகையில் மரக்கட்டையின் மேல் போட்டு வெட்டி, தொட்டிக்கு இத்தனை என்று வாளி வாளியாகப் பிரித்து வைப்பாள். அங்கே அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கத்தியக்கா என்றே கூப்பிட்டார்கள். கையில் இருப்பதற்கு மட்டுமல்ல, வாயில் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர் என்று பண்ணைக்காரர் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். எத்தனை சோப்புப் போட்டாலும் தலைமுடியை விட்டுப் போகாத அந்தக் கவிச்சி வாடையோடு சிரிக்க அவளுக்கு என்ன இருக்கிறது?

அவள் புருஷன் தொட்டி கழுவுகிறவன். சிமெண்டுத் தொட்டிகள், இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் கம்பிவலை, ஒரு பக்கம் இரும்புக் கதவு. தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் நீளப் பிரஷ்ஷும் மறு கையில் கேடயம் மாதிரி ஒரு பலகையுமாக உள்ளே இறங்கி, பாசியைத் தேய்ப்பான். மணல் சரிவில் முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதைக் கோபம் என்று நினைத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்வார்கள். அது சூட்டைத் தணிக்கத் திறந்த வாய், அவ்வளவுதான். ஆனாலும் அவன் உள்ளே போகும்போது தாழ்ப்பாள் ஒரு சத்தம் போடும், வெளியே வரும்போது ஒரு சத்தம் போடும். இரண்டாவது சத்தம் கேட்கிறவரை கொட்டகையில் அவளுக்குக் கை ஓடாது. புருஷன் இரண்டு காலோடு வெளியே வரவேண்டும் என்பதைத் தவிர அவள் எதையும் பெரிதாக வேண்டிக்கொண்டதில்லை.

விவகாரம் ஆரம்பித்தது ஒரு பூட்ஸில். அந்த முறை மழை கொட்டித் தீர்த்தது. பாதை முழுக்கத் தண்ணீர் நின்றதால் குளிர்வண்டி வரவில்லை. தொட்டிகளுக்கு நாள் கணக்கில் சாப்பாடு இல்லை. மழை விட்டு வண்டி வந்ததும் அவள் அவசர அவசரமாக வெட்டித் தள்ளுவண்டியில் ஏற்ற, அது கிறீச் கிறீச்சென்று தொட்டிப் பக்கம் போயிற்று. அந்த நேரம் பார்த்து அவன் அடைத்துக்கொண்ட வடிகாலைக் குத்திவிடலாம் என்று கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தான். இருப்பதிலேயே பெரியது ஒன்று உண்டு. நாள் முழுக்கக் கிடந்த இடத்தில் கிடந்து, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கண்ணைத் திறப்பதால் அவள் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தாள். மாமனார் ஒரே எட்டில் வந்து பூட்ஸைக் கவ்விவிட்டார். நல்ல வேளை, அளவு பெரிய பூட்ஸ். கால் உருவிக்கொண்டு வந்துவிட்டது, பூட்ஸ் போய்விட்டது.

அன்றைக்குப் பௌர்ணமி. சாயங்காலம் டீயை உறிஞ்சிக்கொண்டே கரண்டு அண்ணன் அதைக் கண்டுபிடித்தார். பண்ணைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறது. தூறல் நாளில் அது இரைவதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கம்பியைச் சுற்றி ஒரு காந்த மண்டலம் இருக்கிறது, பௌர்ணமியில் நிலா அதைப் பிடித்து இழுக்கிறது, இழுத்த இழுப்பு ஊர்கிற பிராணியின் மூளையில் போய் ஏறுகிறது, அப்புறம் அது தானாக இருப்பதில்லை என்றார். இத்தனையையும் அவர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது தம்பிக்காரன் டீயைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

"பசி மாமா" என்றாள் அவள். "வண்டி வரலை. பட்டினி. அதான் கவ்விடுச்சு."

அவர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைத்தான் அவளால் பொறுக்க முடியாது.

"பசிங்கிறது உனக்குத் தெரிஞ்ச விஷயம்மா. நீ அதைச் சொல்ற. எனக்குத் தெரிஞ்சது வேற, நான் அதைச் சொல்றேன்."

பண்ணைக்காரர் காதுக்கு இது போயிற்று. அவர் அப்பா கட்டிய பண்ணையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த மனிதர். இரண்டு பேர் உறுதியாகப் பேசினால் மூன்றாவது ஆளாகத் தலையாட்டுவார். கரண்டு அண்ணன் ஒரு திசைகாட்டியோடு போய்த் தொட்டிக் கதவுக்குப் பக்கத்தில் காட்டினார். முள் கிடந்து ஆடியது. கதவு இரும்புக் கதவு என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவள் கையிலிருந்த கத்தியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் காட்டினாள். அதற்கும் முள் திரும்பியது.

"என் கத்திக்கும் பௌர்ணமியா மாமா?"

"கத்தி கறி வெட்டுது. கறியில ரத்தம் இருக்கு. ரத்தத்துல என்ன இருக்கு? இரும்பு. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு தொடர்புதாம்மா" என்றார் அவர் கொஞ்சமும் அசராமல். பண்ணைக்காரர் தலையாட்டினார். அவள் புருஷன் பெருமையில் நெஞ்சு நிமிர்ந்து நின்றான்.

முதலைகளைப் பார்க்க அவ்வப்போது வரும் மாட்டு டாக்டரிடமும் கேட்டார்கள். அவர் சொன்னதாவது: இருக்கலாம், ஆமையெல்லாம் பூமியின் காந்தத்தை வைத்து வழி கண்டுபிடிக்கிறது என்கிறார்கள், நல்ல நிலா வெளிச்சத்தில் சில பாம்புகள் வெளியே வருவதில்லை என்றும் படித்திருக்கிறேன், முதலைக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது, முதலில் அது சாப்பிட்டதா என்று பாருங்கள். இதில் "இருக்கலாம்" என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். டாக்டரும் அதைத் திருத்தப் போகவில்லை. இழுத்த இழுப்புக்கெல்லாம் இருக்கலாம் என்கிறவர் எதற்கு ஊசியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து பண்ணையில் புதுச் சட்டம். பௌர்ணமியைச் சுற்றி ஒரு வாரத்துக்கு எந்தத் தொட்டிக்கும் கறி காட்டக் கூடாது. காந்தம் ஏறிய நேரத்தில் ரத்த வாடை பட்டால் வெறி இரட்டிப்பாகும். பண்ணைக்காரருக்குக் கறிச் செலவும் மிச்சம், விஞ்ஞானமும் ஆயிற்று. நடந்தது என்ன? மாதம் முழுக்க வாரத்துக்கு இரண்டு வேளை தின்று பழகிய பிராணிகள் ஒரு வாரம் ஒன்றும் கிடைக்காமல் வலையோரமே வந்து கிடந்தன. வாரம் முடிந்து தள்ளுவண்டிச் சத்தம் கேட்டதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றை ஒன்று கடித்து, வலையை முட்டின. கரண்டு அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "பாத்தியா தம்பி, இன்னும் இறங்கலை" என்பார். பட்டினி போட்டவரே வந்து பசியைக் காட்டி, நிலாவைக் குற்றம் சொல்கிறார். இப்படியும் ஒரு மூளை இருக்குமா என்று அவள் வாய்விட்டே கேட்டாள், ஆனால் கொட்டகையில் தனியாக இருக்கும்போது, கோழித் தலைகளைப் பார்த்து.

வீட்டில் கேட்க முடியாது. அவள் புருஷனுக்கு அண்ணன்தான் அப்பா, அம்மா எல்லாம். சின்ன வயதில் தன் தட்டில் பாதியை எடுத்து இவன் தட்டில் போட்டு வளர்த்தவர் என்று அவன் சொல்லுவான். அது பொய்யில்லை. அதை அவள் ஒரு நாளும் மறுத்ததில்லை. சாப்பாடு போட்டவர் என்பதற்காக அவர் விடுகிற கதையையும் சேர்த்து விழுங்க வேண்டுமா என்பதுதான் அவள் கேள்வி. ஒரு தடவை சாப்பிடும்போது லேசாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டான். முன்னறையில் அவர் காதில் விழாத மாதிரி பேப்பரைப் புரட்டினார். அவருக்கு என்று எடுத்து வைத்திருந்த முட்டையை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சொன்னால் ஏறாது, செய்துவிட்டுப் போவோம் என்று முடிவு கட்டினாள். அடுத்த பௌர்ணமி வாரம், முந்தின நாட்களில் வெட்டிய கறியில் கொஞ்சம் கொஞ்சம் ஒதுக்கிக் குளிரறையின் அடித்தட்டில் ஐஸுக்குக் கீழே வைத்தாள். விடிந்தும் விடியாத நேரம், பண்ணையில் ஆள் வருமுன், தள்ளுவண்டியை விட்டுவிட்டு வாளியில் தூக்கிப் போய், ஒவ்வொரு தொட்டியிலும் சுவருக்கு மேலே எட்டிப் போட்டாள். தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. மாமனாருக்கு மட்டும் ஒரு மாட்டு நுரையீரல். தின்று முடித்து அவர் போய் மணலில் சரிந்தார். அந்த வாரம் முழுக்கப் பண்ணை அமைதியாக இருந்தது. இப்போது என்ன சொல்லுவீர்கள் மாமா என்று மனசுக்குள்ளே கேட்டுக்கொண்டு, அவர் மூக்கு உடைவதைப் பார்க்கக் காத்திருந்தாள்.

ஆனால் அவள் விதி, அதே வாரம்தான் கரண்டு அண்ணன் தொட்டிகளைச் சுற்றிச் செம்புக் கம்பி கட்டியிருந்தார். எங்கேயோ கழற்றிப்போட்ட பழைய கம்பி. அதை வலை மேலே சுற்றி, ஒரு முனையை மண்ணில் புதைத்து, காந்தத்தைப் பூமிக்குள்ளே இறக்கிவிட்டதாகச் சொல்லியிருந்தார். முதலைகள் சாந்தமாகக் கிடந்ததைப் பார்த்ததும் பண்ணைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் கொட்டகை வாசலில் கத்தியும் கையுமாக நின்று இதைப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. நான் போட்ட கறியில் இவருக்குப் பேர் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. கரண்டு அண்ணன் மிச்சக் கம்பியை வளையமாகத் திரித்துத் தம்பியின் காலில் மாட்டிவிட்டார். இனி பௌர்ணமியாவது ஒன்றாவது, தாராளமாக இறங்கு என்றார். அவனும் இறங்கினான். பலகையை வெளியிலேயே வைத்துவிட்டு இறங்கினான். ஒரு நாள் பூட்ஸைக்கூடக் கழற்றிவிட்டு, செம்பு தோலில் படவேண்டுமாம், வெறுங்காலோடு இறங்கினான். அவள் போடுவதை நிறுத்தினால் அவன் காலுக்கு ஆபத்து. போட்டுக்கொண்டே இருந்தால் செம்புக்குத்தான் புகழ். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மாதா மாதம் ஐஸுக்கு அடியில் கறி ஒளித்து, விடியலில் வாளி தூக்கினாள். ஊரில் இருக்கிற முட்டாள்களுக்கெல்லாம் மேலே ஒரு முட்டாள் இருக்கிறாள் என்றால் அது நான்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கரண்டு அண்ணன் இதற்குள் பெரிய மனிதராகிவிட்டார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பல்லி ஏன் டியூப்லைட் பக்கத்தில் சுற்றுகிறது, பாம்பு ஏன் மோட்டார் ரூமில் வந்து படுக்கிறது என்று கேட்டார்கள். டியூப்லைட்டில் பூச்சி இருக்கும், மோட்டார் ரூமில் சூடு இருக்கும் என்று தெரியாதவர்கள் இல்லை அவர்கள். ஆனால் பூச்சி என்றால் யார் காசு கொடுத்துக் கேட்பார்கள்? காந்தம் என்றார் அவர். எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

அப்போதுதான் பண்ணைக்காரருக்கு அந்த யோசனை வந்தது. வருகிற பௌர்ணமி சாயங்காலம், நாற்காலி போட்டு, மைக் வைத்து, ஜனங்களுக்கு முன்னால் தொட்டிக்காரன் செம்பு வளையத்தோடு மட்டும் உள்ளே இறங்கி, மாமனார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். கரண்டு அண்ணன் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். காந்தம் சுத்தமாக வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முந்தைய வாரம் கறி வாடையே கூடாது. கொட்டகையில் யாரோ கறியில் கை வைக்கிறார்கள், கணக்கு உதைக்கிறது என்று பண்ணைக்காரருக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. குளிரறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கரண்டு அண்ணன் கையில் கொடுத்தார்கள். அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டார். குளிர்வண்டியையும் அந்த வாரம் வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று.

இனி மறைத்துப் பிரயோசனமில்லை. பௌர்ணமிக்கு முந்தின நாள், அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அவள் புருஷனை அடுப்படியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸுக்கு அடியில் ஒளித்தது, வாளியில் தூக்கியது, நுரையீரல் போட்டது, ஒன்றையும் விடவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். தலை குனிந்தே இருந்தது.

"அப்ப இத்தனை மாசமா நீ எங்க அண்ணனை ஏமாத்தியிருக்க" என்றான்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நான் சொன்னதுல அதுதானா உங்க காதுல விழுந்துச்சு? நான் உங்க காலைப் பத்திப் பேசுறேன்."

"என் காலுக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஆகலைதான். ஏன் ஆகலை? நான் போட்டேன். நாளைக்கு நான் போடலை. ஒரு வாரமா அதுங்க வயித்துல ஒண்ணுமில்லை. நீங்க போய் அது பக்கத்துல உக்காந்தா அது செம்பைப் பாக்குமா, கறியைப் பாக்குமா?"

"நீ கறி போட்டது நிஜமாவே இருக்கட்டும். கறி போட்டதால மட்டும்தான் அடங்குச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? கம்பியும் இருந்துச்சு இல்ல? ரெண்டும் சேந்து இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றாள் அவள். "அந்த டாக்டர் சொல்லிக் குடுத்தது. இருக்கலாம். நாளைக்கு அது உங்க காலைக் கவ்வுறப்ப அதுகிட்டயும் சொல்லுங்க, இருக்கலாம்னு."

அவன் எழுந்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"உனக்கு ஆரம்பத்துலேருந்தே அவரைப் பிடிக்காது. அவர் நல்லா இருந்தா உனக்கு வயிறு எரியுது. எனக்கு அது தெரியும். நான் ஒண்ணும் சொல்றதில்லை, அவ்வளவுதான்."

எரியத்தான் செய்தது. அன்று முழுக்க எரிந்தது. கால் போனால் போகட்டும், எனக்கென்ன என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து நிலாவைப் பார்த்துக்கொண்டே அறுத்துக் கொடுத்துவிட்டு வரட்டும் என்றாள். இப்படித் திட்டிக்கொண்டே ராத்திரி அவன் தூங்கும்போது போர்வை விலகித் தெரிந்த பாதங்களைப் பார்த்தாள். பாசித் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்து, விரலிடுக்கில் வெடித்துக் கிடந்த பாதங்கள். அவளுக்கு அழுகை வந்தது. இவனுக்காக அழவேண்டியிருக்கிறதே என்று அதற்கும் கோபம் வந்தது.

மறுநாள் சாயங்காலம் பண்ணை நிறைய ஜனம். நிலா வெளிறிப்போய் மரத்துக்கு மேலே ஏறியிருந்தது. மேற்கே வெளிச்சம் இன்னும் போகவில்லை. கரண்டு அண்ணன் சலவைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பண்ணைக்காரர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் மாமனார் மணலில் அசையாமல் கிடந்தார். பாருங்கள், கம்பியின் சக்தி என்று அதைக் காட்டிப் பேச்சு ஆரம்பமாயிற்று. அவள் புருஷன் அரைக்கால் டவுசரும் செம்பு வளையமுமாக, தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டு, அண்ணன் கண் காட்டுவதற்காகக் காத்திருந்தான்.

அவள் அங்கே இல்லை. தெருக்கோடியில் இருந்த கோழிக்கடையில் நின்று, கழித்துப்போட்ட தலையையும் குடலையும் ஒரு டப் நிறைய வாரிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் எதற்கு என்று கேட்டதற்கு, மாமனாருக்கு விருந்து என்றாள். டப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு வேகுவேகென்று நடந்து, பின்பக்க வழியாகக் கொட்டகைக்கு வந்து, தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளினாள். எண்ணெய் காணாத சக்கரம் கிறீச்சிட்டது. அப்படியே கிறீச்சிடட்டும் என்று வேண்டுமென்றே கல்லும் கட்டியும் பார்த்துத் தள்ளினாள்.

முதலில் திரும்பியது ஜனங்கள் இல்லை. எல்லாத் தொட்டிகளிலும் தண்ணீர் ஒரே நேரத்தில் கலங்கியது. கல் மாதிரி கிடந்த மாமனார் வயிற்றைத் தரையிலிருந்து தூக்கினார். ஓடினார். முதலை ஓடும் என்பதே அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியாது. கறி எப்போதும் எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கம், அவள் புருஷன் நின்ற கதவைப் பார்த்து ஓடி வந்து மோதினார். இரும்புக் கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போய் விழுந்தான். முன்வரிசை மொத்தமும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தது. கரண்டு அண்ணன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் போய் நின்றார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, டப்பை நெஞ்சில் அணைத்துத் தூக்கி, வலைக்கு மேலாகக் கவிழ்த்தாள். கொஞ்சம் அவள் மேலும் கொட்டியது. உள்ளே தாடைகள் அடிபடுகிற சத்தம் கேட்டது. தின்றன. தின்று முடித்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய், இடம் பார்த்து, படுத்தன. மாமனார் மறுபடி மணலில் போய்ச் சரிந்து கண்ணை மூடிக்கொண்டார். மேலே நிலா அதே இடத்தில்தான் இருந்தது. மின்கம்பியும் அப்படியேதான் இருந்தது.

கரண்டு அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகத்தில் ஓர் அசட்டுத்தனமும் இல்லை.

"கம்பி சூடாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுக்குள்ள அவசரப்பட்டுட்டோம். இப்பத்தான் வேலை செய்யுது, பாருங்க எப்படி அடங்கிடுச்சு" என்றார். "இறங்கு தம்பி."

பண்ணைக்காரர் தலையாட்டினார். மைக்கில், இதோ இறங்குகிறார் என்றார். இரண்டு மூன்று பேர் கையும் தட்டினார்கள். இத்தனையையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கை தட்டுகிறார்களே, இவர்களையும் அள்ளி உள்ளே போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. சேலையெல்லாம் கோழிக் குடலாக அவள் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதற்கு மேல் அவளிடம் ஒன்றுமில்லை. கறியும் தீர்ந்துவிட்டது, சொல்லவேண்டியதும் தீர்ந்துவிட்டது.

அவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். தொட்டியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். குனிந்து காலிலிருந்த செம்பு வளையத்தைப் பிரித்தான். இறுகியிருந்ததால் நேரம் எடுத்தது. கணுக்காலில் பச்சையாக ஒரு தடம் விழுந்திருந்தது. வளையத்தை டவுசரில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"நீங்க போட்டுக்குங்கண்ணே. முதல்ல நீங்க இறங்குங்க. நான் உங்க பின்னாலயே வர்றேன்."

அதில் கிண்டல் இல்லை. அவனுக்குக் கிண்டல் வராது. நிஜமாகவே கேட்டான். தன் தட்டில் பாதியை எடுத்துப்போட்ட அண்ணன் இதையும் செய்வார் என்று நம்பித்தான் கேட்டான். அவர் போட்டுக்கொண்டு ஓர் அடி வைத்திருந்தால் போதும், இவன் மாமனார் வாய்க்குள்ளேயே நடந்து போயிருப்பான். அவளுக்கு அது தெரிந்தது.

கரண்டு அண்ணன் வளையத்தைப் பார்த்தார். நிலாவைப் பார்த்தார். மேலே கம்பியைப் பார்த்தார்.

"எனக்கு உடம்புல ஏற்கெனவே கரண்டு ஜாஸ்தி தம்பி" என்றார். "இதையும் போட்டா ரெண்டும் சேந்துக்கும். ஆபத்து."

பின்னால் யாரோ ஒரு பெண் கொல்லென்று சிரித்தாள். அதைத் தொட்டு இன்னொருவர், பிறகு பண்ணை முழுக்கச் சிரித்தது. பண்ணைக்காரரும் எதற்கும் இருக்கட்டும் என்று சிரித்தார். அவள் புருஷன் சிரிக்கவில்லை. நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றான். அவர் வாங்கிக்கொள்வதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கிற மாதிரி நின்றான். அவர் வாங்கவில்லை. சட்டைப்பையைத் தடவிக்கொண்டு, மூட்டு வலிக்கிறது என்று வாசல் பக்கம் நடந்தார்.

இந்த மூக்கு உடைவதைப் பார்க்க அவள் எத்தனை மாதம் வாளி தூக்கியிருக்கிறாள். உடைந்தும் விட்டது. ஆனால் புருஷன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷப்பட வரவில்லை. தன்னை யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சீ, இந்த ஆளுக்காகவா இவன் இப்படி நிற்கவேண்டும் என்று மனசு கசந்தது.

அடுத்த வாரம் கரண்டு அண்ணன் ஒரு சித்தப்பா மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே தேனீ வளர்க்கிறார்களாம். தேனீக்கள் பாடு இனித் திண்டாட்டம்தான். பண்ணைக்காரர் பௌர்ணமி வாரத்திலும் கறி போடச் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னதைத் தான் அப்போதே கவனித்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். குளிரறைச் சாவி அவள் கைக்கு வந்தது. கறி ஒளித்ததற்கு நாலு வசவு வாங்கினாள். இந்த மனிதர் வாயால் வசவு வாங்குவதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று அதையும் வாங்கிக்கொண்டாள்.

அவள் புருஷன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பலகையைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது தொட்டியில் இறங்குகிறான். ஆனால் அவளோடு பேசுவதில்லை. அண்ணனை அவன் கண்ணெதிரே அம்மணமாக்கிக் காட்டியது அவள்தான் என்று வைத்திருக்கிறான். அவர் மேல் காட்ட முடியாத கோபத்தை இவள் மேல் காட்டிக்கொண்டிருக்கிறான். வேறு யார் மேல் காட்டுவான்? வேலை முடிந்து வந்து அடுப்படி வாசலில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். முன்னறையில் அந்த நல்ல நாற்காலி சும்மா கிடக்கிறது. அதில் அவன் உட்காருவதில்லை.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அவள் கொதிக்கிற பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியை அடைத்துக்கொண்டு அவன் கால்கள் கிடந்தன.

"காலை மடக்குங்க. தடுக்கி விழவா நான்?" என்றாள்.

அவன் முகத்தைத் திருப்பவில்லை. முதலில் ஒரு காலை மடக்கினான். பிறகு இன்னொரு காலையும் மடக்கினான்.

அவள் தாண்டிப் போனாள்.